எட்டாம் வகுப்புப் பெண்களின் தகர டப்பாக்கள்

எனக்கு முதல் வேலை கிடைத்த செய்தி சித்தூரில் எங்கள் சபை முழுக்கப் பரவிவிட்டது. என்ன வேலை என்றுதான் யாருக்கும் தெரியாது. அம்மா சொல்ல விடவில்லை. சர்ச் வாசலில் யாராவது கேட்டால், "பிள்ளைங்க ஆரோக்கியத்தப் பத்தி ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாள். பள்ளிப் பிள்ளைகளின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் புழுமுட்டை எண்ணுவதுதான் அந்த ஆராய்ச்சி.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஜில்லாவின் ஓரத்து ஊர்கள் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை மாநிலத்துக்குப் போகுமா என்று டீக்கடைக்கு டீக்கடை வாக்குவாதம். அந்த நேரம் பார்த்துத்தான் விஜயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜீப்பில் போய் இறங்கினோம், டாக்டரும் நானும். டாக்டர் கடலோர ஜில்லாக்காரர், தெலுங்கு மட்டும்தான் பேசுவார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடப்பதற்குக் கொக்கிப்புழு எவ்வளவு காரணம், மருந்து கொடுத்தால் ஆறு மாதத்தில் எவ்வளவு தேறுவார்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய திட்டம்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெற்றோரைக் கூட்டினோம். வெறுங்காலோடு நடக்கும்போது ஈர மண்ணிலிருந்து புழு உள்ளே ஏறி, குடலில் உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கிறது என்று டாக்டர் தெலுங்கில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பிறகு படிவத்தை எடுத்து ஒவ்வொருவராகப் பேர், வயசு, வீட்டில் பேசும் பாஷை என்று கேட்க ஆரம்பித்தேன். பாஷை என்றதும் கூட்டம் உஷாராகிவிட்டது. முன்வரிசையில் குந்தியிருந்த ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, வயித்துல கீற புழு தமிழா தெலுங்கான்னு பாக்க வந்தீங்களா? அத்த வெச்சித்தான் ஊர எந்தப் பக்கம் தள்றதுன்னு முடிவு பண்ணுவாங்களா?"

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. பாஷைக் கட்டத்தை அப்படியே காலியாக விடுவது என்று நானாகவே முடிவு செய்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னத் தகர டப்பா கொடுத்தோம், மூடியில் பேர் ஒட்டி. மறுநாள் காலையில் எல்லா டப்பாவும் வந்துவிட்டன. மற்ற ஊர்களில் பாதிகூடத் திரும்பாது, பெரிய பெண்கள் கொண்டுவரவே மாட்டார்கள். இங்கே எட்டாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரும் வரிசையாக வந்து வைத்துவிட்டுப் போனார்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பின் முதல் டப்பாவில் கொக்கிப்புழு முட்டை ஏராளம். கூடவே மலைப்பக்கம் காய்க்கும் நாகதாளிக் கள்ளிப் பழத்தின் விதைகள், சிவப்புச் சாயம். இரண்டாவதிலும் அதே முட்டைக் கூட்டம், அதே விதை, அதே சிவப்பு. மூன்றாவதிலும் அப்படியே. ஐந்தாவது டப்பாவைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டும் ஒரே வயிற்றிலிருந்து வந்தவை.

டாக்டர் சிரிக்கவில்லை. "எட்டுப் பேரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வெளியே போனார். பேரை அடிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன் என்று பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டுப் பேரையும் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். ஒருத்தி முதுகில் ஒருத்தி முகத்தை ஒளித்துக்கொண்டார்கள். கடைசியில் இருப்பதிலேயே சின்னவளாகத் தெரிந்த பெண் முன்னால் வந்தாள். வயசு பதிமூன்று, பார்க்க ஒன்பது.

"நான்தாங்க்கா குடுத்தேன்."

"எட்டுப் பேருக்குமா?"

"ஏழு பேருக்கு. எட்டாவது என்னோடது."

"ஏம்மா அப்படிப் பண்ணே?"

"இவுங்கள்லாம் பெரிய பொண்ணுங்களாயிட்டாங்கக்கா. விடியறதுக்குள்ள அம்மா, அத்தைங்களோட போயிட்டு வந்துடணும். கையில டப்பா கீறது தெரிஞ்சா மானம் பூடும்னு அழுதாங்க. நான் ஆடு ஓட்டிக்கினு மலைப்பக்கம் போறவ. எனக்கு இன்னா வெக்கம்?"

"சும்மாவா குடுத்தே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "வீட்டுக் கணக்க நாங்க போட்டுத் தரோம்னு சொன்னோங்க்கா. இவதான் கிளாஸ்ல தூங்கிக்கினே கீறாளே."

அந்தப் பெண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உறிஞ்சுதாளில் ஒற்றினேன். அதன் நிறத்தை ரத்தச்சோகை காட்டும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர் கோபத்தை மறந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை முதலில் உட்காரச் சொன்னார்.

அவளுக்கு மருந்து கொடுத்தால் போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் மற்ற ஏழு பேரின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அவர்களின் அம்மாக்களோடு உட்கார்ந்து பேசினேன். மறுநாள் கருக்கலில் பெண்கள் போகும் ஒற்றையடிப் பாதையில் துணிப்பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டில் பேர்ச் சீட்டைப் படிக்க முடியாது. விளக்கு வைத்தால் ஒருத்தியும் வரமாட்டாள். அதனால் ஒவ்வொரு டப்பாவிலும் நூல் கட்டி, ஒரு முடிச்சிலிருந்து ஏழு முடிச்சு வரை போட்டிருந்தேன். போகும்போது அவரவர் டப்பாவை விரலால் தடவியே பையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பையில் டப்பா விழும் சத்தம் மட்டும் ஏழு தடவை கேட்டது.

அந்த ஏழில் மூன்று பெண்களுக்குக் கொக்கிப்புழு இருந்தது. ஒருத்திக்கு மோசமாகவே இருந்தது. டாக்டர் ஸ்லைடை இரண்டு முறை பார்த்துவிட்டு, இனி எல்லா ஊரிலும் பெரிய பெண்களுக்கு முடிச்சு டப்பாதான் என்று சொன்னார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எதைச் சொல்லி எதை விடுவது என்று தெரியாமல், சௌக்கியம் என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

புழு மருந்தும் இரும்பு டானிக்கும் கொடுத்தோம். டானிக்கில் நாக்கு கறுத்துப்போனதில் அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஏகப் பெருமை; பையன்களிடமெல்லாம் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து எடை பார்க்கப் போனபோது அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வாத்தியார், "இப்பல்லாம் கேள்வி கேட்டே என்னைத் தூங்க விடமாட்டேங்கறா" என்றார். நான் பூரித்துப்போய் நின்றபோது அவளுடைய அம்மா வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னா மருந்து குடுத்தீங்க நர்ஸம்மா? முன்னல்லாம் அரை உருண்டை களி துன்னா போதும்னு எழுந்துடுவா. இப்ப சட்டியச் சொரண்டிட்டு இன்னும் கீதான்னு கேக்கறா. அவ நைனா கூலிக்குப் போறவரு. நான் எங்க போவேன்?"

புழு போனால் பசி வரும். அந்தப் பசிக்கு என்ன செய்வது என்று எங்கள் திட்டத்தில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. டாக்டரிடம் போய் அவள் சொன்னதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். அவர் அன்றே திருப்பதிக்குப் போய், மேலதிகாரியைப் பார்த்து, திரும்பவும் போய், மூன்றாவது தடவையாகவும் போய் அந்தப் பள்ளிக்குப் பால் பவுடர் வாங்கிவிட்டார்.

முதல் மூட்டை வந்த அன்று நானே அடுப்பு மூட்டி அண்டாவில் கரைத்துக் காய்ச்சினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஆட்டுப்பால்கூட இத்தவிட நல்லா இருக்குங்க்கா" என்றாள். சொல்லிவிட்டு மூன்று டம்ளர் குடித்தாள்.