வராதவர் பட்டியல்

எனக்கு வயிற்றுவலி வந்தால் அடுத்த கால்மணி நேரத்தில் குவைத்துக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்குத் தெரிய மதியமாகும்.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் காலை ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த கையோடு, வராத பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் குழுவில் இருந்தது அப்பாவின் எண். லீவில் வந்திருந்தபோது என்னைப் பள்ளியில் சேர்த்தவர் அவர்தான். திரும்பிப் போனபின் அம்மா தன் எண்ணை மாற்றிக் கொடுக்கவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் அங்கே கட்டட வேலையில் இருந்தார். திருக்கோகர்ணத்தில் நானும் அம்மாவும் மட்டும்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் கூப்பிடுவார். மற்ற நாட்களில் அவர் வேலை முடிந்து அறைக்கு வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். அந்த ஒருநாள் பேச்சிலும் மோட்டார் ரிப்பேர், உறவுக்காரர் கல்யாணம் என்று எல்லாவற்றையும் அம்மா பேசி முடித்தபின் மிச்சம்மீதிதான் எனக்குக் கிடைக்கும். அதற்குள் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

முதல் வயிற்றுவலி உண்மையானது. ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வந்த பலாப்பழத்தை அளவில்லாமல் தின்ற பலன். படுத்திருந்தேன். பத்து மணிகூட ஆகவில்லை, போன் அடித்தது. வேலை நாளில் அப்பா கூப்பிட்டதில் அம்மா பயந்துவிட்டாள்.

"ஏங்க, இந்நேரத்துல? என்னாச்சுங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆத்தா பேரு லிஸ்ட்ல இருக்கே, ஒடம்புக்கு என்ன செய்யுது? அவகிட்ட போனக் குடு."

அப்பாவுக்கு ஆத்தா என்றால் நான்தான். முழுசாகப் பத்து நிமிடம். அத்தனையும் எனக்கே எனக்கு. வயிறு எந்தப் பக்கம் வலிக்கிறது, எத்தனை சுளை தின்றேன் என்றெல்லாம் கேட்டார். கொட்டாவியே விடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவரைக் கூப்பிட வைத்தது வயிற்றுவலியா, பட்டியலா? இதைக் கண்டுபிடிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் தலைவலியை முயன்று பார்த்தேன். போன் வந்தது. பிறகு கால்வலி. அதற்கும் வந்தது. பிறகொரு நாள் ஒரு வியாதியும் இல்லாமல் வேண்டுமென்றே பள்ளி வேனைத் தவறவிட்டேன். அதற்கும் வந்தது. ஆக, எந்த நோய் என்பது முக்கியமே இல்லை, பெயர் வந்தால் போதும். பெரிய விஞ்ஞானி மாதிரி என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. வெள்ளிக்கிழமை போன்கள் நின்றுபோயின. "அப்பாவுக்கு டூட்டியாம்" என்றாள் அம்மா. விடுமுறை நாளில் என்ன டூட்டி? அப்பா என்னை மறக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. அழுகை வந்தது. அதற்கு மருந்தாகத் திங்கட்கிழமையே மறுபடி வயிற்றுவலி வரவழைத்துக்கொண்டேன்.

டீச்சர் அம்மாவை வரச்சொன்னார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி மெதுவாகத்தான் விசாரித்தார். யாராவது கிள்ளுகிறார்களா? வேனில் பயமாக இருக்கிறதா? கணக்கு பிடிக்கவில்லையா? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றேன். கணக்கு மட்டும் கொஞ்சம் உண்மை. நான் இல்லாத நாளாகப் பார்த்துப் பின்னம் வகுப்புக்கு வந்துவிட்டுப் போயிருந்தது.

"வராததால பாடம் புரியாதுங்க. அப்பறம் புரியலைங்கிறதுக்காகவே வரமாட்டாங்க. அதான் எனக்குக் கவலை" என்றார் டீச்சர். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

அதற்கடுத்த வாரமே தொண்டைவலி. அன்று அப்பா வீடியோவில் வந்தார். அங்கே காலை ஏழு மணி. மஞ்சள் சட்டை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்க, வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் நோட்டைப் பார்த்து எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். எனக்குத் தொண்டைவலியே மறந்துபோயிற்று.

"அங்கயும் அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்களாப்பா?"

"ஆமாத்தா."

"ஒங்க நம்பர் என்ன?"

"ஃபோர் ஒன் செவன்."

சொல்லி வாய் மூடவில்லை, தொப்பிக்காரர் அதே எண்ணைக் கூப்பிட்டார்.

"அப்பா, ஒங்களத்தான்! ப்ரெசென்ட் சொல்லுங்க!"

"அவரு கெடக்காரு. வெந்நீ குடிச்சியா, அதச் சொல்லு."

தொப்பிக்காரர் இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய ஆள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் பேசுகிறாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனை வாங்கினாள். "வெள்ளிக்கெழமையெல்லாம் டூட்டின்னது இதுக்குத்தானாங்க?" என்றாள். அப்பா என்னவோ சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எண்ணைக் கூப்பிடும்போது வரிசையில் இல்லாதவருக்கு அன்று ஆப்சென்ட் என்பதும், அந்த நாளை அவர் விடுமுறையில் வேலை பார்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும் என்பதும் கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த வீடியோவுக்கு மறுநாள் காலை அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, தொண்டையைக் காட்டச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேனில் ஏற்றிவிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அப்பாவிடமிருந்து என்னைப் பிரிக்கிறாள் என்று அவள்மேல் அப்படியொரு கோபம் எனக்கு. இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஒருவழியாக அப்பாவுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.