திரையை இழுக்காதீங்க

என் அப்பா உயரமான கட்டடங்களின் கண்ணாடி துடைப்பவர். மொட்டைமாடியிலிருந்து விட்ட கயிற்றில் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளி தொங்க, கையில் ரப்பர் வைப்பரோடு மாடி மாடியாக இறங்கி வருவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவரைச் 'சிலந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டடை அடிக்கும் நாட்களில் அம்மா, "பெரிய சிலந்தி வேலைக்குப் போயிருக்கு, சின்னதுங்களையாவது விரட்டுறேன்" என்பாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் நானும் தம்பியும் கேட்பது ஒன்றுதான். "இன்னைக்கு என்ன பாத்தீங்கப்பா?"

அவர் பார்த்தது பெரும்பாலும் சாப்பாடாகத்தான் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது கேக் வெட்டுவார்கள். யாராவது மேசைக்கு அடியில் டப்பாவை ஒளித்துவைத்து, மேலதிகாரி திரும்பிய நேரம் ஒரு வாய் போட்டுக்கொள்வார்கள். அப்பாவைப் பார்த்ததும் சிலர் கையசைப்பார்கள். சிலர் ஏதோ காக்கா வந்து உட்கார்ந்ததுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள். இந்த இரண்டு வகையும் அப்பாவுக்குச் சம்மதம்தான். இன்னொரு வகை உண்டு. வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிட்டு, எழுந்து வந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவார்கள்.

"வெயில்ல தொங்குறவன் பாக்க நாம சாப்பிடறதான்னு நல்ல மனசோடதான் இழுக்கறாங்க" என்பார் அப்பா. "ஆனா அந்தத் திரை விழுந்ததுக்கு அப்புறம்தான் எனக்குப் பசிக்கவே ஆரம்பிக்கும்."

அப்பாவுக்குச் சாப்பாடு என்றால் உயிர். அந்த உயிர்தான் அவரைக் கீழே தள்ளியது. எத்தனையோ கட்டடங்களில் இறங்கி ஏறிய மனிதர், எங்கள் சமையலறை முக்காலியிலிருந்து விழுந்தார். மேல்தட்டில் அம்மா ஒளித்துவைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுக்கப் போனதுதான் காரணம். கணுக்கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தின்பதற்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். அப்பா யாருடைய மனதையும் நோகடிக்கவில்லை.

கால் சரியாகி வேலைக்குப் போனபோது, கம்பெனி கிடங்கில் இருந்த எடை மெஷினில் நிற்கவைத்தார்கள். நூறு கிலோவுக்கு மேல் இருப்பவரைக் கயிற்றில் ஏற்றக் கூடாது என்பது அங்கே சட்டம். முள் நூறைத் தாண்டி நன்றாகவே சாய்ந்து நின்றது.

"ஆத்தங்கரை கண்ணாடிக் கோபுரம் நம்ம கைக்கு வருது" என்றார் சூப்பர்வைசர். "மழை முடிஞ்சதும் ஆரம்பம். அதுக்குள்ள நூறுக்குக் கீழ வா, கயிறு உனக்குத்தான். இல்லன்னா இனிமே கிடங்குதான்ப்பா. வாளி, சோப்பு பாத்துக்கிட்டு உக்காந்திரு. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

அதுவரைக்கும் அப்பாவுக்குத் தரை வேலை. கயிற்றுக்கு நேர் கீழே தடுப்பு வைத்து, அதற்குள் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே இருந்த காலத்தில் அவர் கீழே பார்த்ததே இல்லையாம். தரைக்கு வந்த பிறகு பார்வை மேலேயேதான் இருந்தது. கழுத்து வலி என்று தைலம் தேய்க்கச் சொன்னார். எனக்கென்னவோ வலி கழுத்தில் மட்டும் இருந்ததாகத் தோன்றவில்லை.

போதாததற்கு, அப்போது வேலை நடந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பேக்கரி. காலையிலும் மதியத்திலும் அடுப்பிலிருந்து பன் எடுக்கும்போது வாசனை வெளியே வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பினார். கிராம்பை மென்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தடுப்போடு நகர்ந்து நின்றார். பேக்கரிக்காரர் வெளியே வந்து, "என்ன சார், என் கடைமேல கோவமா?" என்று கேட்டாராம். "கோவமா? உங்க கடைய நெனச்சுதான் தூக்கமே வரல" என்றாராம் அப்பா.

அவருடைய இடத்தில் இப்போது கயிற்றில் இறங்குபவர் ஒல்லி. பெயருக்கு ஏற்ற உடம்பு, எதைத் தின்றாலும் ஒட்டாது. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசிக்கொள்ள வாக்கி டாக்கி உண்டு. வாளி இறங்குகிறது, ஆள் வருகிறார், தள்ளி நில்லு என்று சொல்வதற்காகக் கொடுத்தது. அதில் ஒருநாள் ஒல்லி சொன்னார்:

"அண்ணே, கேக்குதா? ஏழாவது மாடி. ஒரு அம்மா டப்பாவைத் திறக்கறாங்க."

"என்னடா இருக்கு?"

"வறுத்த கோழிண்ணே. காலு."

"தோலு மொறுமொறுன்னு இருக்கா?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதெல்லாம் எப்படிண்ணே கேக்கும்?"

"கேக்க வேணாம்டா. கடிக்கும்போது மூஞ்சியப் பாரு."

ஒல்லி வைப்பரை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். பிறகு ஒல்லி, "கண்ண மூடிட்டாங்கண்ணே" என்றார்.

"அப்போ மொறுமொறுப்புதான்" என்று அப்பா பெருமூச்சு விட்டாராம்.

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஒல்லி மாடி மாடியாகப் பார்த்துச் சொல்ல, அப்பா காதாலேயே சாப்பிட்டார். அதே அலைவரிசையில் சூப்பர்வைசரும் இருந்தது இருவருக்கும் மறந்துபோயிற்று. ஒருநாள் நடுவில் புகுந்து, "போதும்டா டேய், நான் இப்பதான் சாப்பிட்டு வந்தேன், மறுபடி பசிக்குது" என்று கத்தினார். அன்றோடு அதுவும் நின்றது.

வீட்டில் அம்மா வேறொரு திட்டம் போட்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டி பரண்மேல் போயிற்று. இரவுக்கு எல்லாருக்கும் முட்டைக்கோஸ் சூப். "நீங்க மட்டும் தனியா கஷ்டப்பட வேணாம். உங்களுக்கு என்னவோ அதான் எங்களுக்கும்" என்று அப்பாவிடம் சொன்னாள். சில நாட்கள் அது உண்மையாகவும் இருந்தது. பிறகு தம்பி பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் டப்பாவில் கைவைத்து மாட்டிக்கொண்டான். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் தனியாகக் குடியிருக்கும் டீச்சரம்மா, "என் அடுப்பு சும்மாதானே கிடக்கு, இங்க வந்து ஆக்கிச் சாப்பிடுங்களேன்" என்றார். அவருக்கும் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

அப்படி ஆரம்பித்தது அந்த நாடகம். அப்பா வருவதற்கு முன்னாலேயே டீச்சரம்மா வீட்டில் சாப்பிட்டுவிடுவோம். வாய் கொப்பளித்து, வாசனை ஒட்டிய துணியை மாற்றிக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக வந்து அப்பாவுக்கு எதிரே சூப்பைக் கலக்கிக்கொண்டு உட்காருவோம்.

அப்பா தம்பியை உற்றுப் பார்ப்பார். "ஏண்டா, முட்டைக்கோஸ் தின்னா உனக்குக் கன்னம் உப்புது? அந்த ரகசியத்த எனக்கும் சொல்லேன்."

"வளர்ற வயசுப்பா."

"நானும்தான்டா வளர்ந்தேன். பக்கவாட்டுல."

எடை குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் அதோடு வேறெதுவோ சேர்ந்து குறைந்தது. அப்பா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் போய் நிற்பார். மூக்கை உறிஞ்சுவார். "வீட்டுல ஒரு வாசனையுமே இல்லையே" என்பார். "நல்லதுதானே, நாக்கு அடங்கும்" என்பாள் அம்மா. "ம்" என்று திரும்பிவிடுவார். என்ன பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்டால், "கீழ நின்னா என்ன தெரியும்? செருப்புதான் தெரியும்" என்பார். சூப்பைக் குடித்த கையோடு பல் துலக்கிவிடுவார். துலக்கிய வாய்க்கு எதுவும் ருசிக்காதாம். பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பன்னுக்கு ஏங்குகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒருநாள் மதியத்துக்கு மேல் காற்று பலமாகிவிட்டது. காற்று அடித்தால் கயிற்று வேலை கிடையாது, எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். இது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு டீச்சரம்மா வீட்டில் சட்டியில் உருளைக்கிழங்கு சிவந்துகொண்டிருந்தது. முட்டை தயாராக இருந்தது. தம்பி தன் கணக்கு வாத்தியார் தும்முவது எப்படி என்று செய்து காட்டிக்கொண்டிருந்தான். அம்மா கரண்டியோடு குனிந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. காற்றைப் பற்றி யார் நினைத்தார்கள்?

நான்தான் முதலில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், தோளில் பையோடு அப்பா நின்றிருந்தார். சட்டியை அவர் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்தாள். அவரைக் கண்டாள். அவள் கை தானாக நீண்டு திரையை இழுத்து மூடியது.

உருளைக்கிழங்கு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா பாத்துட்டாரா?" என்றான் தம்பி, வாய் நிறைய.

"பாத்தா பாத்துட்டுப் போறாரு" என்றார் டீச்சரம்மா. "நீ ஏம்மா திரையை இழுத்தே?"

"தெரியல டீச்சர்" என்றாள் அம்மா. கை இன்னும் திரையை விடவில்லை. "தெரியலயே."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். வீடு பூட்டியிருந்தது. "பேக்கரிக்குத்தான் போயிருப்பாரு" என்றாள் அம்மா. "போச்சு. எல்லாம் போச்சு. என்னாலதான்."

அவள் சொன்னது பாதி சரி. அப்பா ஒரு காகிதப் பையோடு வந்தார். பையில் வெண்ணெய்க் கறை படர்ந்திருந்தது. உள்ளே பன்கள், இன்னும் சூடாக. மேசைமேல் வைத்தார்.

"உக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தோம்.

"என்னங்க, உங்க நல்லதுக்காகத்தான்..."

"எனக்குத் தெரியாதா? அந்த ஆபீஸ்காரங்களும் நல்லதுக்குத்தான் இழுக்கறாங்க." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இத்தனை வருஷமா எத்தனையோ பேர் சாப்பிடறத வெளிய தொங்கிக்கிட்டுப் பாத்திருக்கேன். ஒருநாளும் உள்ள போகணும்னு தோணினதில்ல. சாயங்காலம் நமக்குன்னு ஒரு மேசை இருக்குல்ல, அங்க போய் உக்காந்துக்கலாம்னு இருக்கும். இன்னைக்குத்தான் உள்ள வரணும்போல இருந்துச்சு. கால் நகரவே இல்ல."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "கதவு பக்கத்துலதானே இருந்துச்சு? தட்டியிருக்கலாம்ல?"

"தட்டியிருந்தா என்ன குடுத்திருப்பே?"

"முட்டைக்கோஸ் சூப்தான்."

அப்பா சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார்.

"இனிமே இங்கயே ஆக்கு, இங்கயே சாப்பிடுங்க. என் முன்னாடியே. எனக்கு நாக்கு ஊறும். ஊறட்டும், அது என் பாடு. நான் பாத்துக்கறேன். ஆனா என்ன வெளிய நிறுத்திட்டு சாப்பிடாதீங்க."

ஒரு பன்னைப் பிய்த்துப் பாதியை அம்மாவிடம் கொடுத்தார். மீதிப் பாதியைத் தானே கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடித்ததும், ஏழாவது மாடி அம்மாவைப் போலவே கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததுக்குக் கை நீளவில்லை.

அதோடு ஆசை அடங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். எண்ணெய்ச் சட்டி பரணிலிருந்து இறங்கிய பிறகு அவருக்குக் கஷ்டம் கூடியது. வறுவல் தட்டு அவர் முகத்துக்கு நேராகக் கைமாறும். கண் அதன் பின்னாலேயே போகும், கை போகாது. சில நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காருவார். ஒருநாள் தம்பி சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் பொறுக்காமல், "டேய், சட்டியையும் சேத்து முழுங்கிடு" என்று கத்திவிட்டார். பிறகு அவரே அவன் தலையைத் தடவினார். ஆனால் வீட்டுக்குள் வரும்போதே, "இன்னைக்கு என்ன, வெங்காயமா?" என்று கேட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். வேலையில் பார்த்த கதைகளும் திரும்பி வந்தன. செருப்புகளைப் பற்றிய கதைகள்தான், இருந்தாலும் கதைகள்.

மழை விட்டது. எடை பார்க்கும் நாளில் அப்பா செருப்பைக் கழற்றினார். இடுப்பு வாரைக் கழற்றினார். சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாம் ஒல்லியின் கைக்குப் போயின.

"மீசையையும் எடுத்துடலாமாண்ணே?" என்றார் ஒல்லி.

சூப்பர்வைசர் குனிந்து முள்ளைப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "மூச்ச விடுப்பா முதல்ல."

"விட்டா ஏறிடுமோன்னு பயமா இருக்கு சார்."

முள் நூறுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

கோபுரத்தில் அவர் இறங்கிய முதல் நாள் நான் பார்க்கப் போனேன். பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்த காலம் அது. கீழே தடுப்புக்கு வெளியே ஒல்லி நின்றிருந்தார். அன்று அவருக்குத் தரை வேலை. அண்ணாந்து பார்த்தால், வெயில் பட்டு மின்னும் கண்ணாடியில் அப்பா ஒரு புள்ளிபோலத் தெரிந்தார். வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஒல்லி, கேக்குதா? ரெண்டு பேரு. நடுவுல ஒரே டப்பா."

"அப்புறம்ணே?"

"பாத்துட்டாங்க. அதுல ஒரு பொண்ணு எந்திரிச்சு வருது. திரைமேல கை வெக்குது."

மேலே புள்ளி அசையாமல் இருந்தது. என் கழுத்து வலித்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்னாச்சுண்ணே? இழுத்துடுச்சா?"

"இல்லடா. வேணாம்மான்னு கையக் காட்டினேன். போய் உக்காந்துடுச்சு. சாப்பிடுது."

ஒல்லி மூச்சு விட்டார். "டப்பாவுல என்னண்ணே?"

"உருளைக்கிழங்கு. நல்லா ஓரம் சிவந்தது." வைப்பர் கண்ணாடியில் கீச்சிடும் சத்தம் கேட்டது. "பாப்பா அங்க இருக்காளா? சாயங்காலம் அம்மாவ உருளைக்கிழங்கு வறுக்கச் சொல்லு."

நான் வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டேன். "உங்களுக்காப்பா?"

"உங்களுக்குத்தான். நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு துண்டு வெச்சா வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றார்.