மாடி வீட்டுச் சிரிப்பு

கனகலட்சுமி சொந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் மதுரை கோச்சடையில் ஒரே வாடகை வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுச் சுவரில் அவள் அடித்த ஆணிகள் இரண்டே இரண்டு. ஒன்று சாமி படத்துக்கு, இன்னொன்று காலண்டருக்கு. இரண்டுக்கும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுத்தான் அடித்தாள். ஒன்றாம் தேதி காலையில் வாடகைப் பணத்தோடு அந்தம்மாவின் வாசலில் போய் நிற்பாள். பூஜை முடிந்து வரும்வரை நிற்க வேண்டும்; நேரமாகும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், “இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு நிற்பாள். “உள்ள வந்து உக்காரு” என்று அந்தம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் இவள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அவளுடைய கணவர் அசோக்குமார் மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் மெஷின் ஓட்டினார். குவாரி மூடியபோது கைக்குக் கொஞ்சம் பணம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்த தன் பங்கு நிலத்தைக் கனகலட்சுமி விற்றாள். மீதிக்கு பேங்க் லோன். கீழக்குயில்குடி போகிற ரோட்டில் இரண்டரை சென்ட் வாங்கி, கீழே தங்களுக்கும் மேலே வாடகைக்குமாக வீடு கட்டினார்கள். மாடி வாடகை ஏழாயிரத்து ஐநூறு. அதோடு அவள் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பதைச் சேர்த்தால் மாதத் தவணை கட்டிவிடலாம் என்பது கணக்கு. எதிர்வீட்டில் இருக்கும் எனக்கும் அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். இதையெல்லாம் தைக்கும்போதே சொல்வாள், எதையும் மறைக்க மாட்டாள்.

முதன்முதலாக மாடிக்கு வந்தவர்கள் வெங்கடேஷ்பாபுவும் ஸ்ரீலட்சுமியும். சௌராஷ்டிரக் குடும்பம். கல்யாணம் ஆகி இரண்டு வருடம்தான். அவன் கல்யாண போட்டோக்காரர்களுக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறவன், வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வேலை. கூட உட்கார்ந்து படம் பிரித்துக் கொடுப்பது அவள். சித்திரை பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். அன்று மத்தியானமே டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. கீழே தையல் மெஷினில் இருந்த கனகலட்சுமி ஒவ்வொரு ஓட்டையாக எண்ணினாள். பதினொன்று.

“கேக்கவே இல்லங்க எங்கிட்ட” என்றாள் கணவரிடம்.

“குடியிருக்கப் போறவுக மாட்டத்தானே செய்வாக” என்றார் அசோக்குமார்.

மே மாதமும் ஜூனும் ஒன்றாம் தேதியே வாடகை வந்துவிட்டது. ஆனாலும் கனகலட்சுமிக்கு மாடியைப் பற்றிய நினைப்பு ஓயவில்லை. அவர்கள் சிரித்தார்கள். காலையில் பல் விளக்கும்போது சிரித்தார்கள், துணி காயப்போடும்போது சிரித்தார்கள். அவர்கள் பாஷையில் அவன் என்னவோ சொல்வான், அவள் மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கனகலட்சுமிக்கு அந்தப் பாஷை ஒரு சொல்லும் புரியாது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும். இல்லை என்று மனசுக்குத் தெரியும். தெரிந்தும் காது மேலேயே இருக்கும். சாயங்காலம் அவன் கடைக்குப் போய் வந்தால் கையில் மல்லிகைப்பூ இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அசோக்குமார் கேட்காமல் பூ வாங்கி வந்த நாட்களை அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றிரண்டுகூடத் தேறவில்லை.

ஜூலையில் ஒன்றாம் தேதி போனது, ஐந்தும் போனது. ஏழாம் தேதி மாடியேறினாள். ஸ்ரீலட்சுமி கொய்யாப்பழம் தின்றுகொண்டே கதவைத் திறந்தாள்.

“அக்கா, ஆல்பம் எல்லாம் குடுத்தாச்சு, பார்ட்டி பணம் தரல. அஞ்சாறு நாள்ல குடுத்திர்றோம். கொய்யா சாப்டுறீகளா?”

அந்தப் பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அதுதான் கனகலட்சுமியைச் சுட்டது. “பயந்த மாதிரி ஒரு மூஞ்சியாச்சும் வச்சிருக்கலாம்ல டீச்சர்?” என்று என்னிடம் கேட்டாள். “எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலே நாளு வாடகை பிந்துனதுக்கு, குழாயடியில அம்புட்டுப் பேரு முன்னாடி அந்தம்மா என்னையப் பேசுன பேச்சு! அன்னிக்குச் சோறு எறங்கல எனக்கு. இவ என்னடான்னா கொய்யாப்பழம் திங்கிறா.”

பன்னிரண்டாம் தேதி பணம் வந்தது. ஆகஸ்டில் அதுவும் இல்லை. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, அவனுக்கு வேலையும் கிடையாது. கனகலட்சுமி தையல் கூலியிலும் சீட்டுப் பணத்திலும் தவணையைக் கட்டினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மேலே ஏறிக் கேட்டாள். “ஆவணி பொறந்துரட்டும்க்கா” என்றாள் ஸ்ரீலட்சுமி. அதற்கப்புறம் கனகலட்சுமி மாடித் தொட்டிக்கு ஒரு வேளைதான் மோட்டார் போட்டாள். தண்ணீர் தீர்ந்தால் வந்து கெஞ்சட்டும் என்று நினைத்தாள். அவர்கள் கெஞ்சவில்லை. கீழே குழாயில் ஆளுக்கு இரண்டு வாளி பிடித்து, யார் முதலில் மேலே போவது என்று போட்டி வைத்துக்கொண்டு தூக்கிப் போனார்கள். பாதிப்படியில் தண்ணீர் சிந்தி அவனுக்குக் கால் வழுக்கியது. அதற்கும் ஒரு சிரிப்பு.

ஜன்னல் வழியாகப் பார்த்த கனகலட்சுமி அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் கழுத்தை அளவு தப்பி வெட்டிவிட்டாள்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீலட்சுமியின் அப்பா துளசிராமும் அம்மா சீதாலட்சுமியும் இறங்கினார்கள். ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் கையில் கேக் பெட்டி, அந்தம்மா கையில் தூக்குச்சட்டி. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது.

“அக்கா! மேல வாங்க. இன்னிக்கு எங்க கல்யாண நாளு!”

கனகலட்சுமி ஏறினாள். வாழ்த்தத்தான் போனாளா, சண்டைக்குத்தான் போனாளா என்று அவளுக்கே தெரியவில்லையாம். கதவு திறந்திருந்தது. பதினொரு போட்டோவும் சுவரில் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் இவர்கள் இரண்டு பேர்தான், எல்லாவற்றிலும் அதே சிரிப்பு. நடுவில் பாய் விரித்துக் கேக் வைத்திருந்தது. வெங்கடேஷ்பாபு மனைவியின் வாயில் ஒரு துண்டு கேக்கை வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் கனகலட்சுமிக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“வீட்டு வாடகை குடுக்க வக்கில்ல, கேக்கு ஒரு கேடா? நான் ரத்தம் சுண்ட மெஷின் மிதிச்சு பேங்க்குல கட்டுறேன், நீங்க ஏந்தலைக்கு மேல உக்காந்து கூத்தடிக்கிறீகளா? வெக்கமா இல்ல?”

இன்னும் பேசினாள். வளர்ப்பைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை வந்துவிட்டது. ஸ்ரீலட்சுமி வாயில் இருந்த கேக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

துளசிராம் மெதுவாக எழுந்தார். “எம்புட்டும்மா பாக்கி?”

“ஏழாயிரத்து ஐநூறு.”

சட்டைப் பையில் இருந்ததை எடுத்து எண்ணினார். மூவாயிரத்து இருநூறு. கனகலட்சுமியின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, “மிச்சம் நாளைக்கு வந்துரும்மா” என்றார். மறுநாள் மத்தியானம் மிச்சமும் வந்தது. கொண்டுவந்து கொடுத்த ஸ்ரீலட்சுமியின் காதில் தங்கத் தோடு இல்லை. கவரிங் போட்டிருந்தாள். இப்படிப்பட்டதெல்லாம் கனகலட்சுமியின் கண்ணுக்குத் தப்பாது.

இரண்டு மூன்று நாள் அவளுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. “எம்மனசு குளுந்துச்சு டீச்சர், பொய் சொல்லக்கூடாது” என்றாள்.

மாடியில் சத்தம் அடங்கிவிட்டது. செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வாடகை வந்தது. அக்டோபரிலும் அப்படியே. ஸ்ரீலட்சுமி படியில் பூனை மாதிரி இறங்கினாள். கீச்சென்று சத்தம் போடும் என்று இரும்புக் கேட்டைத் தூக்கித் திறந்தாள். மனைவியிடம் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் வெங்கடேஷ்பாபு முதலில் போய்க் கதவைச் சாத்தினான். நவம்பர் ஒன்றாம் தேதி பணத்தோடு வந்தவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“உள்ள வா” என்றாள் கனகலட்சுமி.

“இல்லக்கா, இருக்கட்டும்.”

அந்த ‘இருக்கட்டும்’ என்ற சொல்லைக் கேட்டதும் கனகலட்சுமி பணத்தை எண்ணுவதை விட்டுவிட்டாள். அது அவளுடைய சொல். பத்தொன்பது வருடம் கோச்சடை வாசலில் அவள் சொன்ன அதே சொல், அதே குரலில். அவள் பொறாமைப்பட்டது அவர்களுடைய பூவுக்கோ கேக்குக்கோ இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு பயமில்லாமல் இருந்தார்களே, அதற்குத்தான். இப்போது அந்தப் பயத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாடியேறினாள். ஸ்ரீலட்சுமி ஆகஸ்டிலேயே தைக்கக் கொடுத்து, வாங்க வராமல் விட்டிருந்த ஜாக்கெட் கையில் இருந்தது. கதவைத் திறந்தவள் பதறிப்போனாள்.

“அக்கா, வாடகை குடுத்துட்டோமேக்கா!”

“தெரியும்டி. இந்தா ஒன் ஜாக்கெட்டு. கூலி வேணாம்.” சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள். “தம்பியக் கூப்பிடு. எந்தெந்த மாசம் ஒங்களுக்கு வரும்படி இருக்காது?”

வெங்கடேஷ்பாபு போனில் முகூர்த்த நாட்களை எடுத்துக் காட்டினான். ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் பாதி. அந்த மாதங்களில் பாதி வாடகை, மீதியை முகூர்த்தம் வந்ததும் சேர்த்துக் கொடுப்பது என்று பேசினார்கள்.

“ஆனா முன்கூட்டியே சொல்லிப்புடணும். நானா ஏறிவந்து கேக்குறாப்புல வைக்கக் கூடாது.”

“சொன்னா திட்ட மாட்டீகளாக்கா?” என்று கேட்டாள் ஸ்ரீலட்சுமி.

“திட்டுவேன். பெத்தவுக முன்னாடி திட்ட மாட்டேன். அன்னிக்குப் பேசுனது தப்பு. ஒங்கப்பாகிட்டயும் சொல்லிரு.”

எழுந்தவள் கதவருகில் போய்த் திரும்பினாள். “ஏண்டி, நான் வந்து கேக்குறப்பல்லாம் ஒனக்குப் பயமே இருந்ததில்லியா?”

“இருந்துச்சுக்கா. பயந்தா மட்டும் பார்ட்டி பணம் குடுத்துருவானா?”

கனகலட்சுமி இறங்கி வந்துவிட்டாள்.

மார்கழியில் பாதி வாடகைதான் வந்தது. ஆனால் பத்து நாள் முன்னாலேயே ஸ்ரீலட்சுமி சொல்லிவிட்டாள். தை, மாசியில் மீதி வந்து சேர்ந்தது. அடகு வைத்த தோட்டையும் திருப்பிவிட்டாள். கனகலட்சுமி மோட்டாரை இரண்டு வேளையும் போட்டாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. வைகாசியில் அவர்கள் இரண்டு பேரும் பைக்கில் கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். ஹெல்மெட்டும் குளிர்ச்சட்டையுமாக இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் கணவரிடம் கேட்டாள்.

“ஏங்க, நாம கொடைக்கானல் போயிருக்கமா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? போகத்தான்.”

அசோக்குமார் பஸ் டைம் விசாரித்து வந்தார். அடுத்த வாரம் இருவரும் பஸ்ஸில் போனார்கள். மலைப்பாதையில் அவள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். ஏரியைச் சுற்றி நடந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், ராத்திரி தங்கினால் செலவு என்று சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். மறுநாள் என் ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“குளுரு. வேறென்ன? மாடியில இவுக பேசுறதப் பாத்து என்னமோன்னு நெனச்சேன்” என்றாள். அப்புறம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “மார்கழியில இன்னும் நல்லாருக்குமாமே டீச்சர்?” என்று கேட்டாள்.