ஒரு இருமல்

அவளுக்கு அக்காள் புருஷன் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. பொருத்தமான பெயர்தான், போங்கள்! கம்பெனி மேலதிகாரிகள் கூடிப் பேசும் அறையில் ஓரமாக உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிறவள் அவள். அங்கே காதில் விழுந்தது எதுவும் வெளியே போனதில்லை. போனால் வேலையும் போகும், வழக்கும் வரும். பிறவிக் குணமும் அப்படித்தான்.

அந்தக் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்று பங்குக்கு இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சந்தையில் பங்கு நூற்றெழுபதுக்குத்தான் விற்றது. கையெழுத்தாகும்வரை என்ன நிச்சயம் என்று பலருக்கும் சந்தேகம். அத்தானுக்கா சந்தேகம் வரும்?

"பங்குக்கு முப்பது ரூபா சும்மா கெடக்குது, குனிஞ்சு எடுத்தாப் போதும்!" என்றார்.

"எங்க கம்பெனி பங்கை மட்டும் தொடாதீங்க அத்தான்," என்று அவள் அப்போதே சொன்னாள். கேட்டால்தானே! வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடை ஒன்றைச் சொந்தமாக வாங்க, அக்காளும் அவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை அப்படியே கொண்டுபோய்ப் போட்டார்.

பிறகு ஒருநாள் அந்த அறையில் பேச்சு திசை மாறியது. வாங்க வந்தவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறார்கள். அறிவிப்பு வார இறுதியில். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து முடித்தாள்.

அன்று மாலை அக்காள் வீட்டில், கழற்றிய மோட்டாரோடு தரையில் உட்கார்ந்திருந்த அத்தான் நிமிர்ந்தார்.

"இந்தா வாய்ப்பூட்டு, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வித்துடணும்னா ஒரு இருமல் இருமு. இல்லேன்னா சும்மா இரு. இருமறது என்ன குத்தமா?"

பாவி மனுஷன்! சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தொண்டை நிஜமாகவே கமறியது. எச்சிலை விழுங்கினாள்.

"இந்த விளையாட்டே வேணாம் அத்தான், நான் கெளம்பறேன்."

"பாத்தியாடி, இருமல!" என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பங்கை விற்கவில்லை.

அறிவிப்பு வந்ததும் பங்கு பாதியாக விழுந்தது. அத்தான் ஒன்றுதான் கேட்டார்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அக்காள்தான் வெடித்தாள். "கூடப்பொறந்தவளாடி நீ? ஒரு இருமல் இருமியிருந்தா தொண்டையா கிழிஞ்சிருக்கும்?" அதோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தங்கையும் எத்தனையோ நாள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அழுதிருக்கிறாள்.

மாதங்கள் கழித்து, ஒரு மதியம் அக்காள் தானாகவே வந்தாள்.

"மார்ல கட்டி மாதிரி இருக்குடி. டாக்டர்கிட்ட போக இப்பக் கையில என்ன இருக்கு? அவருக்குத் தெரியவே கூடாது. உன்கிட்ட சொன்னாத்தான் வெளிய போகாது."

அவள் தன்னிடம் இருப்பதைத் தருகிறேன் என்றாள், மன்றாடினாள். அக்காள் அசையவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அத்தான் வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மெஷின் கிரீஸ்.

"உங்கக்கா ராத்திரியெல்லாம் அழறா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. உடம்புக்கு ஏதாவதா?"

அவள் அவர் கையைத் துடைக்க ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"இப்பவும் சொல்ல மாட்டேல்ல?" என்று அவர் திரும்பினார்.

தொண்டை கமறவேயில்லை. ஆனாலும் வாசல்வரை ஓடிவந்து, அவர் காதில் விழும்படி அவள் இருமினாள்.