இடது கையால் தோசை

அந்தப் பெண் இப்போது தொழில்முறை கூடைப்பந்து அணியில், பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்தும் கார்டாக இருக்கிறாள். ஹைஸ்கூலில் படித்தபோது, அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் ஊரில் நான் பரிமாறும் ஓட்டலுக்கு அப்பாவுடன் வருவாள். ஒல்லியான உடம்பு, முழங்காலில் எப்போதும் சிராய்ப்பு. தோசையை இடது கையால்தான் பிய்ப்பாள்.

பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னம்மா இது, பீச்சாங்கையில சாப்பிடற?" என்று கேட்டார்.

"ரைட் ஹேண்ட் மட்டும்தான் யூஸ் பண்றேன்னு டீம்ல எடுக்கல அங்கிள். லெஃப்ட் ஸ்ட்ராங் ஆகற வரைக்கும் எல்லாமே இதுலதான்."

"கைய மாத்தும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்றார் அப்பா.

"பாக்கட்டும்ப்பா."

கூச்சத்தில் யாரிடமும் வாய் திறக்காத நான், பக்கத்து மேஜைக்காரர் முறைக்க முறைக்க, சாம்பார்க் கிண்ணத்தை எடுத்து அவளுடைய இடப்பக்கம் வைத்தேன்.