கோ ஹான் கூப்பிட்ட பெயர்

போன வாரம் இங்கே சைகோனில், தூ டுக்கிலிருந்து பென் தானுக்கு மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட தடிப் புத்தகம். கையில் மூடி திறந்தபடியே ஒரு மஞ்சள் மார்க்கர். வண்டி வளைகிற போதெல்லாம் அது அவள் வெள்ளைச் சட்டையில் ஒரு கோடு போட்டது. எழுப்பிச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் பல விஷயங்கள் இப்படித்தான் போயின.

அந்த மார்க்கருக்கு ஒரு வாசனை உண்டு. பாதி ஆஸ்பத்திரி, பாதி அழுகிய வாழைப்பழம். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுத் தலையணையில்கூட அந்த வாசனை இருந்தது. என் மனைவி அமுதா படித்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போது நாங்கள் நாலாம் டிஸ்ட்ரிக்டில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். ஸ்கூட்டரில் ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் பென் தான் பக்கம் நான் வேலை பார்த்த மளிகைக்கடை. எதிர்ப்பக்கம் போனால் பூ மி ஹங்கில் அமுதா வேலை பார்த்த பள்ளிக்கூடம். நடுவில் இருக்கட்டும் என்று பிடித்த வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மாடியில் நாங்கள். அந்தம்மா பெயர் ஹான். 'கோ' என்பது இங்கே அத்தை என்பது மாதிரி ஒரு மரியாதை. அதனால் கோ ஹான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மீசை என்றுதான் கூப்பிடுவார்.

நான் காரைக்காலில் பிளஸ் டூவோடு நின்றவன். அமுதா புதுச்சேரியில் உளவியல் படித்தவள். படித்த பெண் எனக்கு எப்படி வாய்த்தாள் என்று கடையில் கேட்பார்கள். எனக்கே தெரியாத சங்கதியை நான் எப்படிச் சொல்வது? கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் வழியாகவே படிக்கிற மேற்படிப்பில் சேர்ந்தாள். உளவியலின் தத்துவம் என்று பாடத்துக்குப் பெயர்.

"ரெண்டு பாடமா, ஒரே பாடமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதாங்க. மனசைப் பத்திப் படிக்கிறவங்க படிக்கிறது சரியான்னு படிக்கிறது."

"ஓகோ. கணக்கு எழுதுறவனை வந்து பார்க்கிற ஆடிட்டர் மாதிரி."

அவள் சிரித்துவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். அதற்கு முந்தைய வருஷம் எங்களுக்கு எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்திருந்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஊருக்குப் போன் செய்தபோது என் பெரியப்பா, "பேர் வைக்காத புள்ளைக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுடா. திதி கிடையாது, படையல் கிடையாது. அடுத்ததைப் பாருங்க" என்றார். நல்ல மனுஷர்தான். எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னார். நாங்களும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

அமுதாவுக்குப் பாடத்தை யாரிடமாவது தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் மண்டையில் நிற்கும். அதற்கு அகப்பட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மார்க்கரைக் காதில் செருகிக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"போன மாசம் உங்க கட்டைவிரல் ஷட்டர்ல நசுங்குச்சே, அந்த வலி விரல்ல இருந்துச்சா, மூளையிலயா?"

"விரல்லதான்."

"வெட்டி எடுத்த காலுகூட வலிக்குதுன்னு சொல்றாங்களே. இல்லாத கால்ல வலி எங்கேர்ந்து வருது?"

"எனக்கு விரல் இருக்கே அமுதா. இல்லாதவனைக் கேளு."

"உங்களை வச்சுப் பாஸ் பண்ணின மாதிரிதான்!"

இந்தச் சத்தம் கீழே கேட்கும். ஒரு நாள் கோ ஹான் படியில் என்னை மறித்துக்கொண்டார். "மீசை, உன் வீட்டுக்காரி மேல உன்னைத் திட்டுறாளா, பாடம் சொல்றாளா?"

"பாடம்தான் கோ."

"கீழேர்ந்து கேட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

ஆய்வுக்கட்டுரைக்கு நேரம் வந்தபோது அமுதா எடுத்துக்கொண்ட தலைப்பு துக்கம். துக்கம் ஒரு நோயா? எவ்வளவு நாளைக்குமேல் போனால் அதை நோய் என்பது? அதை யார் முடிவு செய்வது? அது உடம்பில் வருகிற உணர்ச்சியா, யோசனையா? என்னிடம் தமிழில் சொன்னபோது நான் முருங்கைக்கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளும் புத்தகத்திலிருந்து தூக்கவில்லை. அவளுக்கு வழிகாட்டியாக இருந்தது தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா, கம்ப்யூட்டரில் வருவார். ஏன் இந்தத் தலைப்பு என்று அவர் ஒருமுறை கேட்டது எனக்கே புரிந்தது. அமுதா, பொதுவான ஆர்வம்தான் என்று இங்கிலீஷில் சொன்னாள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் என்னை மாதிரிதான் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இத்தனை படித்தவளுக்கும் குழந்தை என்கிற அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

இப்போது கோ ஹானின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து சைகோன் விழுந்த சமயத்தில் தோற்ற பக்கத்துச் சிப்பாயாக இருந்தவர். ஒரு நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் இல்லை. இங்கே இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் இறந்த நாளில் சாமி மாடத்தில் விருந்து படைப்பார்கள். 'யோ' என்று பெயர். ஆனால் இறந்த நாள் தெரியாதவருக்கு என்ன செய்வது? கோ ஹான் கொஞ்ச வருஷம் காத்திருந்துவிட்டு, அவர் கஞ்சி குடித்துவிட்டுப் போன நாளையே வைத்துக்கொண்டார். விருந்தோடு கட்டாயம் ஒரு கிண்ணம் கஞ்சியும் இருக்கும்.

இதைக் கேட்டதும் அமுதாவுக்கு ஒரு வேகம் வந்தது. "பாருங்க, அவங்க துக்கம் நெஞ்சுக்குள்ள மட்டும் இல்ல. அந்தக் கிண்ணத்துலயும் இருக்கு. கிண்ணத்தை எடுத்துட்டா துக்கம் குறையாது, வேற மாதிரி ஆயிடும்" என்றாள். எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் யோவுக்கு எங்களையும் கீழே கூப்பிட்டார்கள். ஊதுபத்திப் புகை, அவித்த கோழி, பம்ப்ளிமாஸ் பழம், வெந்த ஒட்டரிசியின் வாசனை. மாடத்தில் அவர் புகைப்படம், முன்னால் கஞ்சிக் கிண்ணம். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால். யாருக்கென்று எனக்கு உடனே தெரியவில்லை.

கோ ஹான் ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு என் வீட்டு மாடியிலதான வளர்ந்தா? எட்டு மாசம் குடியிருந்திருக்கா. அவளையும் கூப்பிடலாம்னு பார்த்தேன். பேர் என்ன?"

இங்கேயும் உயிரோடு பிறக்காத பிள்ளைகளுக்கு எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. அது அவர் சொந்த ஏற்பாடு. ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். இல்லாவிட்டால் விருந்து தங்களுக்கென்று அவர்களுக்குத் தெரியாதாம்.

"பேர் வைக்கல கோ" என்றாள் அமுதா, தரையைப் பார்த்தபடி.

"முல்லை" என்றேன் நான்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அமுதா திரும்பி என்னைப் பார்த்தாள். கோ ஹான் ஒன்றும் கவனிக்கவில்லை. மாடத்தைப் பார்த்துத் தன் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு குரலைக் குழைத்து, சந்தில் விளையாடுகிற குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி, "மூ-லாய், வா, வந்து பால் குடி" என்றார். அமுதா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊதுபத்தி தீர்கிறவரை விடவில்லை.

சாப்பிட்டு மாடிக்கு வந்த பிறகு கேட்டாள். "எப்ப வச்சீங்க?"

"ஆறாம் மாசம். ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர், பொண்ணுன்னு நேரா சொல்லாம 'அம்மா ஜாடை'ன்னாரே, அன்னைக்கு. பாலத்துல வர்றப்போ தோணுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ படிச்சவ. இதைவிட நல்லதா யோசிச்சு வச்சிருப்பியேன்னு..."

"நான் ஒண்ணுமே யோசிக்கலிங்க. பொறந்தப்புறம் முகத்தைப் பார்த்து வைக்கலாம்னு இருந்தேன்." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. இரண்டு பேரும் அன்றைக்குத்தான் அழுதோம். வெளியே பட்டப்பகல். சந்தில் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பால் கிண்ணத்தைப் பற்றி அமுதா ஒரு அத்தியாயமே எழுதினாள். உதாரணம் வேறு, வாதம் வேறு என்று சொல்லி வழிகாட்டி அம்மா அதைச் சுருக்கச் சொன்னார். அமுதா வாதாடிப் பார்த்தாள். கடைசியில் அது அடிக்குறிப்பில் சில வரியாகப் போய் உட்கார்ந்தது. பட்டம் தபாலில் வந்தது. இன்னும் சுருள் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் இல்லை. அமுதா இப்போது வேறொரு பள்ளியில் பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்கிற வேலையில் இருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது பேச்சு தீர்ந்து போய்த்தான் வருவாள். நான் கீரையை ஆய்ந்து வைத்திருப்பேன்.

ஆனால் அந்த வீட்டில் இருந்தவரை, ஒவ்வொரு யோவுக்கும் கோ ஹான் கூப்பிட்டார். "மூ-லாய் வளர்ந்திருப்பா, மீசை. இந்த வருஷம் பாலோட பிஸ்கட்டும் வச்சிருக்கேன்" என்பார். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வந்தபோது ஒரு பென்சில்கூட வைத்தார்.

கோ ஹான் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். மகன் பிய்ன் ஹோவாவிலிருந்து வந்து காரியங்களை முடித்து, மாடத்தையும் அப்பா, அம்மா இருவர் புகைப்படங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வருஷத்துக்கு ஒரு தடவை புத்தாண்டுக்கு மட்டும் வந்து போகிற மனுஷர், சின்னக் கிண்ணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்கலாமா வேண்டாமா என்று நான் படியில் நின்று யோசித்தேன். வண்டி கிளம்பிவிட்டது. இப்போது சந்தே இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. எங்கள் மாடி இருந்த உயரத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள்.

இப்போது நாங்கள் இருக்கிற தூ டுக் வீட்டில், வருஷா வருஷம் அந்த யோ நாளில் அமுதா பால் காய்ச்சி ஒரு புதுக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைக்கிறாள். நான் ஊதுபத்தி கொளுத்துகிறேன். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "நீங்க கூப்பிடுங்களேன்" என்கிறாள். "நீ கூப்பிடு" என்கிறேன். பால் மேல் ஆடை படிகிறது. சந்து முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.