புளி போட்டு மினுக்கிய ராணி

வியாழக்கிழமை விளக்கு மினுக்குவதில் கொழும்பு வெள்ளவத்தையிலேயே என்னை அடிக்க ஆள் இல்லை என்ற எண்ணம் ஒன்பது வயதில் எனக்கு இருந்தது. புளியையும் திருநீற்றையும் குழைத்து நான் தேய்த்தேன் என்றால் அம்மாவின் குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். வந்த வினையெல்லாம் அந்தத் தலைக்கனத்தால்தான் வந்தது.

எங்களோடு அதே ஃப்ளாட்டில் இருந்த சித்தப்பாவுக்குப் பிரித்தானியக் காசுப் பைத்தியம். அதுவும் சாதாரணக் காசு இல்லை, புரூஃப் காசு. கடையில் கொடுத்து வாங்குவதற்கு இல்லாமல், தீட்டிய அச்சில், அழகுக்கென்றே அடித்த காசு. பழைய ராணியின் தலை போட்ட வெள்ளி கிரவுண் காசு ஒன்றுக்காக அவர் பல வருடமாய்த் தவம் கிடந்தார். கிராண்ட்பாஸில் இரும்புக்கடை வைத்திருந்த, எல்லாரும் நாநா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணருக்கும் இதே பைத்தியம். மாதம் ஒரு ஞாயிறு காசு சேர்ப்பவர்கள் கொட்டாஞ்சேனையில் கூடுவார்கள். அங்கே, "என்ன தம்பி, ஒங்கட ராணி இன்னம் கப்பலேறல்லயா?" என்று கேட்டே அவர் சித்தப்பாவின் உயிரை வாங்குவார்.

ஒரு புதன்கிழமை ராணி வந்தே விட்டாள். லண்டனிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாட்களில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் திருத்தத்துக்கென்று கராஜில் நின்றது. காசை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்த சித்தப்பா, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தார்.

"விரல் படக்கூடாது. விளிம்பிலதான் பிடிக்கோணும். மூச்சும் விடாதை."

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். காசின் வெறும் பகுதி அசல் கண்ணாடி. என் மூக்கு அதில் தெரிந்தது. ஆனால் ராணியின் முகம் மட்டும் வெளிறி, மா பூசினதுபோல் மங்கிக் கிடந்தது.

"ஞாயிற்றுக்கிழமை நீயும் வாறாய். நாநாவின்ர முகத்தை நீ பாக்கோணும்," என்றார் சித்தப்பா. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் ஏறவில்லை. ராணியை அந்த அழுக்கு முகத்தோடு கொண்டுபோனால் நாநா சிரிக்கமாட்டாரா? சித்தப்பாவின் மானம் இப்போது என் கையில் இருப்பதாகவே பட்டது. நல்லவேளையாக அன்றைக்கு வியாழக்கிழமை.

சித்தப்பா ராணியை வைத்துப் பூட்டிய அலுமாரியின் திறப்பு கலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. சித்தப்பாவின் சட்டம் ஒன்றையும் நான் மீறவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு, விளிம்பில் பிடித்துத்தான் தேய்த்தேன். தலைமயிர் வளைவுகளுக்குள் பழைய பல் பிரஷ்ஷையும் விட்டேன். அரை மணித்தியாலத்தில் ராணி, குத்துவிளக்குக்குத் தங்கச்சிபோல் தலை முதல் கழுத்து வரை பளபளத்தாள். நான் துள்ளிக் குதித்தேன்.

சித்தப்பா வேலையால் வந்ததும் சப்பாத்துக் கழற்றக்கூட விடாமல் ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துக் காட்டினேன். அவர் பார்த்தார். பக்கத்திலிருந்த கதிரையில் மெல்ல இருந்தார்.

"நீயே மினுக்கினனீ?"

"ஓம் சித்தப்பா. புளியும் திருநீறும்."

குசினியிலிருந்து வந்த அம்மா வாயில் கை வைத்தார். பிறகு அந்தக் கை என்னை நோக்கி வந்தது.

"அண்ணி, பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றார் சித்தப்பா. எனக்கு ஏதோ பரிசு தரப்போகிறார், அதை அம்மா முந்திச் சொல்லிவிடக்கூடாது என்று தடுக்கிறார் என நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சந்தோசம் வந்தால் எனக்கும் பசிக்காது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனார். கொட்டாஞ்சேனையில் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். நாநா லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார், அப்படியே நின்றார். நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என் தலையில் கை வைத்து, "எங்கட மகள்தான் மினுக்கினவ," என்றார்.

நாநா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்புடியொரு காச நான் என்ட ஆயுசிலயே கண்டில்ல, புள்ள," என்றார்.

எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. வென்றுவிட்டோம். அவருடைய காசுகளையும் கொண்டுவந்தால் மினுக்கித் தருகிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். நாநா தன் காசு ஆல்பத்தை மெல்ல மூடினார்.

ராணியின் முகத்தில் இருந்தது அழுக்கில்லை, அச்சிலேயே வேண்டுமென்று அமைத்த வெண்மை, அதைத் தேடித்தான் ஆட்கள் கடல் கடந்தும் அலைகிறார்கள் என்பதைப் பெரியவளான பிறகு நானாகத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொன்றை அம்மா என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். மோட்டார் சைக்கிள் கராஜில் நிற்கவில்லை. அதை விற்றுத்தான் சித்தப்பா ராணியை வாங்கியிருந்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கூட்டோடு காசை என் மடியில் வைத்து, "இனி இது உனக்குத்தான்," என்றார். நான் எதிர்பார்த்திருந்த பரிசு. அந்தச் சந்தோசத்தில், மோட்டார் சைக்கிள் கராஜிலிருந்து எப்போது வரும் என்று கேட்டேன்.

"அது இனி வராது பிள்ளை. பஸ்தான் சுகம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஜன்னலோர சீட் கிடைத்திருந்தது.